போலி என்னும் சொல்லும் பழைய மோட்டார் வண்டியும்

தமிழ் இலக்கணத்திலே போலி என்றொரு பகுதி உண்டு. அறம் என்னும் சொல் அறன் என்றும் வரும். பந்தல் பந்தர் என்றும் வரும். ஓர் எழுத்து இருந்த இடத்திலே வேறோர் எழுத்து வந்து அமர்கின்றது. பொருளோ சிறிதும் திரிவதில்லை. இலக்கண ஆசிரியர் இதனைக் குற்றமென ஒதுக்கவில்லை. முதற்போலி, இடைப்போலி, கடைப்போலி எனப் பெயரிட்டு யாவரும் அறிய எழுதி வைத்தனர். கடைத்தெருவிலோ அதே சொல் வசையாக வழங்குகின்றது. போலி மருந்து, போலிப் பத்திரம், போலிச் சாமியார் என்கின்றோம். ஒரே சொல் ஓரிடத்தில் மதிப்பும் மற்றோரிடத்தில் இழிவும் பெறுவானேன் என்பதைப் பழைய மோட்டார் வண்டிகளைப் புதுக்கும் தொழிலை வைத்து ஈண்டு ஆராயப் புகுகின்றோம். அதற்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று அன்பர்கள் சிலர் வினவக்கூடும். வண்டி வைத்திருப்போர் நம்மிற் சிலரே. வண்டியின் உறுப்புகளைக் கடைந்தும் பற்றவைத்தும் பிழைப்போரோ பலர்.

ஒரு வண்டியைச் செய்யும் ஆலை மூடப்பட்டாலும் வண்டி சாலையிலேயே இருக்கின்றது. நம் நாட்டு அம்பாசிடர் வண்டி 2014ஆம் ஆண்டு உத்தரபாரா ஆலையில் நின்றுபோயிற்று. அதனைப் போற்றி வைத்திருப்போர் இன்றும் உளர். ஆலையிலிருந்து வந்த உறுப்புகள் தீர்ந்தபின், அவற்றைப் பார்த்து அவ்வாறே புதிதாகச் செய்து பொருத்துவதன்றி வேறு வழியில்லை. இங்கிலாந்திலே எம்.ஜி.பி. என்னும் வண்டி 1980இல் நின்றது. 1988 முதல் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் என்னும் நிறுவனம், பழைய ஆலையின் அச்சுக்கருவிகளையே கொண்டு அவ்வண்டியின் உடற்கூட்டினைப் புதிதாக அடித்து விற்கின்றது. அச்சு பழையது, தகடு புதியது. இதனை ஒரிஜினல் என்பதா, டூப்ளிகேட் என்பதா?

பழைய உறுப்பே உயர்ந்தது என்று பிடிவாதம் செய்வோர் ஒருசாரார். ஒரு திருகாணி மாறினும் வண்டி தீட்டுப்பட்டுவிட்டதாக இவர்கள் பேசுவர். தீட்டு என்னும் பேச்சைக் கேட்டுக் கேட்டுச் சலித்த நமக்கு இவ்வாதத்திலே சிறிதும் மதிப்பில்லை. பழைய பிரேக்குப் பட்டைகளில் ஆஸ்பெஸ்டாஸ் என்னும் கல்நார் கலந்திருந்தது. அதன் தூசு தொழிலாளியின் நுரையீரலிற் புகுந்து, பல்லாண்டு கழித்து உயிரைக் குடிக்கும். இங்கிலாந்து 1999இல் அதனை முற்றிலும் தடை செய்தது. கல்நார் கலவாத புதிய பட்டையைப் பொருத்துவோன் வண்டியின் தூய்மையைக் கெடுத்தவனா, பட்டறையில் குனிந்து வேலை செய்பவனின் மூச்சைக் காத்தவனா? பஞ்சாலையில் தூசினை உண்டு வாழ்ந்த நாம் இதற்கு விடை சொல்லத் தயங்கோம். அவ்வாறே ஐம்பது ஆண்டு கடந்த ரப்பர்க் குழாயைப் பழமை கருதி விட்டுவைப்பதும் பேதைமை. எதிரே வரும் பாதசாரிக்கு வண்டியின் பழம்பெருமையால் யாதொரு பயனுமில்லை.

ஆயின் எத்தனை உறுப்பு மாறினால் வண்டி வேறு வண்டியாகும்? இவ்வினா 1990ஆம் ஆண்டு லண்டன் உயர் நீதிமன்றத்தின்முன் வந்தது. ‘ஓல்ட் நம்பர் ஒன்’ எனப்படும் பென்ட்லி வண்டி 1929, 1930 ஆகிய ஈராண்டுகளிலும் பிரெஞ்சு நாட்டு லெ மான் பந்தயத்தில் வென்றது. பின்னர் வேறு எஞ்சின் ஏற்றப்பெற்று, 1932இல் புரூக்லண்ட்ஸ் பந்தயப் பாதையில் கரைமேலேறிக் கவிழ்ந்தது. ஓட்டிய கிளைவ் டன்ஃபீ மாண்டார். அதன்பின் அது வேறோர் உருவில் மீண்டும் கட்டப்பட்டது. இதனை ஏறக்குறைய ஒரு கோடி பவுன் மதிப்புக்கு வாங்க உடன்பட்டவர்கள், இது மெய்யான வண்டியன்று என்று கூறிப் பின்வாங்கினர். 1930இல் ஓடிய வண்டியிலிருந்து மாறாமல் எஞ்சியவை மிதியின் தண்டு, கியர்ப்பெட்டியின் கூடு, ஸ்டியரிங் தண்டு ஆகிய சிலவே என்று சான்று கூறப்பட்டது. அவ்வாறிருந்தும் நீதிபதி அதனை மெய்யான ‘ஓல்ட் நம்பர் ஒன்’ என்றே தீர்த்தார். புதிய உறுப்புகள் சிறிது சிறிதாக வந்து கலந்தன. இடையிலே வண்டியின் வரலாறு அறுபடவில்லை. அப்பெயருக்கு உரிமை கோரத்தக்க வேறொரு வண்டியும் இல்லை. அவர் கண்ட நியாயத்தின் சாரம் இதுவே.

இதனைக் கேட்டவுடன் மிலிந்தன் என்னும் யவன மன்னனும் நாகசேன தேரரும் உரையாடிய வரலாறு அன்பர்கள் நினைவுக்கு வந்திருக்கும். தேரில் வந்தேன் என்றான் மன்னன். அச்சு தேராகுமா, சக்கரம் தேராகுமா, நுகம் தேராகுமா என்று வினவினார் தேரர். ஒவ்வொன்றுக்கும் ஆகாது என்றே விடை வந்தது. உறுப்புகள் கூடியிருக்குங்கால் வழங்கும் பெயரே தேர். உள்ளே ஒளிந்திருக்கும் தேர்த்தன்மை என ஒன்றில்லை. முதற்சாமத்தில் எரிந்த சுடரும் கடைச்சாமத்தில் எரியும் சுடரும் ஒன்றா என்றும் அவர் கேட்டார். ஒன்றுமன்று, வேறுமன்று, இடையறாத தொடர்ச்சியே உளது. லண்டன் நீதிபதி நாகசேனரைப் படித்தாரோ இல்லையோ, அத்தொடர்ச்சியின் அருகிலே வந்து நின்றார்.

இங்கேதான் வஞ்சகன் ஒருவன் புகுந்துகொள்ள இடமுண்டு. "உறுப்புகளுக்கு அப்பால் வண்டி என ஒன்றில்லை என்று உங்கள் தேரரே கூறினார். அவ்வாறாயின் புதிய தகட்டைப் பழைய தகடு என்று நான் விற்பதில் பொய் எங்கே?" என்று அவன் கேட்பான். இவ்வாதத்தை நாம் எளிதாகத் தள்ளிவிடலாகாது. நம் அறநெறியைச் சூனியவாதம் என்று இகழ்வோர் கூறுவதும் ஏறக்குறைய இதுவே. தேரில் வந்தேன் என்ற மன்னன் பொய்யன் ஆகான். ஏனெனில் பெயர் உலகவழக்கு. அவன் அவ்வழக்கின்படி நேர்மையாகப் பேசினான். வழக்கிலும் மெய்யுண்டு, பொய்யுண்டு. வண்டிக்குள் மாறாத ஆன்மா ஒன்று இருக்குமாயின், நாம் என்ன கூறினும் அதற்குக் கேடில்லை. அஃது உள்ளே இருந்து தன்னைத் தானே காத்துக்கொள்ளும். அப்படி ஒன்று இல்லாமையாலேதான் அவ்வண்டியைப் பற்றிய சொல்லும் அதன் வரலாறும் பெரிதாகின்றன. அவற்றையும் பொய்யாக்கினால் எஞ்சுவது வெறும் இரும்பு.

நடைமுறையிலே இப்பொய் எவ்வாறு நிகழ்கின்றது? பழைய வண்டியின் அடிச்சட்டத்திலும் எஞ்சினிலும் ஆலையார் குத்திய எண்கள் உண்டு. இரண்டும் ஆலை ஏட்டோடு ஒத்திருந்தால் விலை பலமடங்கு ஏறும். ஆகவே வேறு எஞ்சினைக் கொணர்ந்து, இருந்த எண்ணை அரத்தால் தேய்த்துவிட்டு, வேண்டிய எண்ணைக் குத்துவோர் உளர். ஒரு வண்டியின் சட்டம் ஒருவரிடமும் எஞ்சின் மற்றொருவரிடமும் சேர, இருவரும் குறையைப் புதிய உறுப்பால் நிறைத்து, எனதே அவ்வண்டி என்று வழக்காடுவதும் உண்டு. இரண்டாவது செய்தியில் நேர்மையான ஐயத்துக்கு இடமிருக்கின்றது. எண்ணைக் குத்துவதில் இல்லை. குத்தச் சொல்பவர் முதலாளி. நம்பர் பஞ்ச்சைப் பிடிப்பதோ கூலிக்கு வேலை செய்பவன் கை. முதலாளி சொன்னார், செய்தேன் என்பது முழு விடையாகாது. நல்வாழ்க்கைத் தொழில் என்று பகவன் வகுத்த அங்கம் அவன் கையையும் தொடுகின்றது. வேலை போய்விடும் என்னும் அச்சம் பொய்யன்று. குற்றத்தின் பெரும்பங்கு சொன்னவருடையது என்பதும் மெய்யே. எனினும் எண்ணைக் குத்த மறுத்து வேறு வேலை கேட்கும் உரிமை அவனுக்குண்டு. அவனோடு நிற்பது சங்கத்தார் கடமை.

இவ்வஞ்சனையில் ஏமாறுபவர் வாங்குவோர் மட்டுமே என்று பலர் எண்ணுகின்றனர். நாம் அவ்வாறு எண்ணவில்லை. நாம் நூற்பாலையில் வேலை செய்த காலத்தில், அயல்நாட்டுப் பொறியின் பற்சக்கரம் உடைந்தால் உள்ளூர் லேத்துப் பட்டறையில் வெட்டுவித்துப் பொருத்துவோம். கைதேர்ந்தவன் வெட்டிய சக்கரம் கப்பலில் வந்ததைவிட நெடுநாள் உழைத்ததும் உண்டு. அவன் சக்கரத்தின் முகப்பிலே பஞ்ச்சினால் மூன்று புள்ளி இடுவான். உடைந்தால் யார் பழி, உழைத்தால் யார் புகழ் என்பதை அப்புள்ளிகள் சொல்லிவிடும். அடையாளமின்றி, பழைய ஆலையின் உறுப்பாகவே நடிக்கவிடப்படும் மாற்றுறுப்போ, அதனைச் செய்தவனை அழித்துவிடுகின்றது. அவனது கண்ணும் கையும் செய்த நுட்பத்துக்கு, மூடப்பட்ட ஆலை ஒன்று புகழ் பெறுகின்றது. உழைத்தவன் பெயரை மறைத்து உடையவன் பெயரை எழுதும் வழக்கம் நமக்குப் புதிதன்று.

பழைய வண்டிகளுக்கான உலகக் கூட்டமைப்பு 2012ஆம் ஆண்டளவில் வகுத்த டூரின் சாசனமும் இவ்வழியே செல்கின்றது. புதுக்குங்கால் மாற்றிய உறுப்புகளுக்கு அடையாளமிடுக, செய்த வேலையை ஏட்டில் எழுதி வைக்க என்பன அதன் நெறிகளிற் சில. கட்டடங்களுக்கென 1964இல் எழுந்த வெனிஸ் சாசனமே இதற்கு முன்னோடி. அடையாளம் வெளியே தெரிந்து வண்டியின் அழகைக் கெடுக்க வேண்டுவதில்லை. தகட்டின் உட்புறத்தில் ஈரெழுத்து இருந்தாலே போதும்.

கழற்றிய பழைய உறுப்புகளைக் காயலான் கடையில் எடைக்குப் போடுவதும் தவிர்க்கத்தக்கது. துருப்பிடித்த தகடாயினும், அளவு பார்க்கவும் பின்னொருவன் நம் கூற்றைச் சோதிக்கவும் அதுவே சான்று. சீட்டுக் கட்டிப் பெட்டியிலிட்டு, எந்நாள் எதனை மாற்றினோம், யார் கடைந்தார் என்னும் நோட்டுப் புத்தகத்தையும் உடன்வைத்து, வண்டி கைமாறும்போது பெட்டியையும் கைமாற்ற வேண்டும். விலை சிறிது குறையும் என்று தரகர் முணுமுணுப்பார். முணுமுணுக்கட்டும்.