பத்தாம் நாள்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. மறுநாள் சரக்கு தூத்துக்குடித் துறைமுகத்திற்குப் புறப்பட்டாக வேண்டும். நள்ளிரவில், கைமடி வேலை பார்க்கும் இளைஞன் ஒருவன் அளவு மாற்றித் துணிகளை அடுக்கிவிடுகிறான். மேற்பார்வையாளர் அனைவர் முன்னிலையிலும் தகாத வார்த்தைகளால் அவனை ஏசுகிறார். விடிந்ததும் மனம் கேளாமல் தேநீர் வாங்கிக் கொடுத்து, "மனசில வச்சுக்காதே தம்பி" என்கிறார். அவரளவில் விஷயம் முடிந்தது. இத்தகைய காட்சி அவ்வூராருக்குப் புதிதன்று.

முடிந்ததா என்பதே நம் கேள்வி.

பெங்களூர் தேசிய உயிரியல் விஞ்ஞான மையத்தில் சுமந்திர சட்டர்ஜி குழுவினர் எலிகளைக் கொண்டு இதனை ஆராய்ந்தனர். நாளொன்றுக்கு 2 மணி நேரமாக 10 நாள்கள் எலியை அசையவொட்டாமல் அடைத்து வைத்தால், நினைவாற்றலுக்குரிய ஹிப்போகாம்பஸில் நரம்பணுக்களின் கிளைகள் குறுகுகின்றன. அச்சத்தை ஆளும் அமிக்டலாவிலோ அவை தழைக்கின்றன என்று 2002இல் கண்டனர். 21 நாள் ஓய்வுக்குப் பின் முன்னது பழைய நிலைக்குத் திரும்பியது, பின்னது திரும்பவில்லை. 2005இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் வியப்புக்குரியது. ஒரே ஒரு முறை, 2 மணி நேரம் அடைத்த எலியிடம் மறுநாள் மாற்றமேதும் தென்படவில்லை. பத்தாம் நாள் அமிக்டலா அணுக்களின் கிளைகளில் புதிய முட்கள் அரும்பியிருந்தன. எலி திறந்தவெளிக்கு வர அஞ்சியது.

எலியும் மனிதனும் ஒன்றல்லர்தாம். ஆயினும், மறுநாள் முகத்தில் ஒன்றும் தெரியாததை நலத்திற்குச் சாட்சியாகக் கொள்வது எத்துணை பிழை!

"என் மூளையும் அணுக்களால் ஆனதுதானே? நெருக்கடி மிகும்போது முன்மூளையின் கடிவாளம் தளர்ந்துவிடுகிறதே, நான் என் செய்வேன்?" என்று மேற்பார்வையாளர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அந்தக் கணத்தில் அவருக்கிருந்த சுதந்திரம் சொற்பம் என ஒப்புக்கொள்கிறேன். ஆனால், கோபமுற்ற நிலையில் இருவரிடையே தீர்ப்பளிக்கலாகாது என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்ததை எண்ணிப் பாருங்கள். கோபமே வரலாகாது என்று அங்கே சொல்லப்படவில்லை; வந்த நிலையில் தீர்ப்புக் கூறாதே என்பதுதான் கட்டளை. கடிவாளம் தளரும் என்றறிந்தவன், தளருமுன்னரே வண்டியை நிறுத்தக் கடமைப்பட்டவன். அறிவு பெருகப் பெருகப் பொறுப்பும் பெருகுகிறதேயன்றிக் குறையவில்லை.

அப்பொறுப்பு மேற்பார்வையாளர் ஒருவரோடு நிற்கவுமில்லை. முப்பது நாள் வேலையைப் பதினெட்டு நாளில் முடித்துத் தருவதாக முதலாளி கையொப்பமிட்டபோது நள்ளிரவு அன்று. யாரும் அவரை ஏசவில்லை. மனம் அமைதியாகத்தான் இருந்தது.