லாரிக்குப் பின்னால் 1203

எண்ணூர் விரைவுச் சாலையில் டேங்கர் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் என்ன செய்வீர்கள்? ஹாரன் அடிப்பீர்கள். அடுத்த முறை அதன் பலகையைப் படியுங்கள். '1203' என்றிருந்தால் உள்ளே பெட்ரோல். கூடவே '3ஒய்இ' என்றொரு குறியீடு. 3 என்றால் நுரை அடித்து அணை. இ என்றால் ஜனங்களை அப்புறப்படுத்த யோசி. டிரைவர் மயங்கிக் கிடந்தாலும் தீயணைப்பு வீரர் யாரையும் கேட்க வேண்டியதில்லை. 1989 மோட்டார் வாகன விதிகளின்படி இந்தப் பலகை கட்டாயம்.

இப்போது கம்ப்யூட்டருக்குள் ஒரு புது ஆள், ஏ.ஐ. ஏஜென்ட். மற்ற சாஃப்ட்வேர்களைத் தானே இயக்கி வேலையை முடிக்கிறது. எது எதற்கு என்று அதற்குச் சொல்வது, நாம் எழுதி வைத்த குறிப்புதான். 'பழைய பில்லை நீக்கு' என்று மட்டும் எழுதியிருந்தால்? எத்தனை நாள் பழசு? நீக்கினால் திரும்பக் கிடைக்குமா? ராயபுரத்து ஷிப்பிங் ஆபீஸுக்கு வந்த புதுப் பையன், "அண்ணே, இது எப்படி?" என்று பக்கத்து சீட்டில் கேட்பான். நம் அரைகுறைக் குறிப்புகளெல்லாம் அந்த அண்ணனை நம்பி எழுதியவை! ஏஜென்ட் பல நேரம் கேட்காது. தானே ஊகித்து முடித்துவிடும். "மெஷின் தப்புப் பண்ணிடுச்சு சார்" என்போம். பழி போட வசதியான ஆள்தான். ஆனால், காமர்ஸ் படித்த நான் அந்த நஷ்டத்தை, திரும்பக் கிடைக்காது என்று தெரிந்தும் எழுதாமல் விட்டவர் பெயரில்தான் பற்று வைப்பேன்.