போன தடத்தில் திரும்பி வருதல்

உப்புவெளியில் ஒரு வண்டி எவ்வளவு வேகமாகப் பாய்ந்தாலும் ஒருமுறை பாய்ந்தது சாதனைக் கணக்கில் சேராது. போன தடத்திலேயே எதிர்த்திசையில் திரும்பியும் ஓட்டிக் காட்ட வேண்டும். இரண்டு ஓட்டங்களின் சராசரியைத்தான் ஏட்டில் ஏற்றுவார்கள். போகும்போது முதுகைத் தள்ளிய காற்று திரும்பும்போது முகத்தில் அறையும். காற்றின் தயவு கழிந்துபோய் வண்டியின் வேகம் மட்டும் மிஞ்சும். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் இருக்கும் போன்வில் உப்புவெளியில், 1967 ஆகஸ்ட் 26 அன்று, பர்ட் மன்ரோ என்ற நியூசிலாந்துக்காரர் அப்படித்தான் ஓட்டினார். அப்போது அவருக்கு வயது 68. வண்டி, அவர் 1920இல் புதிதாக வாங்கிய இந்தியன் ஸ்கவுட் மோட்டார் சைக்கிள். வாங்கியபோது மணிக்கு 55 மைல் ஓடிய வண்டி அது. வீட்டுக் கொட்டகையில் பழைய தகரக் குவளைகளை அச்சாக வைத்து பிஸ்டன் வார்த்து, டிராக்டர் அச்சை ராவி ராவிக் கனெக்டிங் ராடு செய்து, அதை 180 மைலுக்கு மேல் ஓட வைத்திருந்தார்.

அவரைத் தேடி ஆக்லாந்திலிருந்து ஓர் இளைஞர் போனார். பெயர் ரோஜர் டொனால்ட்சன். ஆஸ்திரேலியாவில் பிறந்து 1965இல் நியூசிலாந்துக்குக் குடிவந்து, ஆக்லாந்தில் புகைப்படத் தொழில் செய்துகொண்டிருந்தவர். மன்ரோ இருந்தது நாட்டின் தென்கோடியில், இன்வெர்கார்கில் ஊரில். இடையில் இரண்டு தீவுகளின் நீளமும் ஒரு கடலும் இருக்கின்றன. பழக்கம் நட்பானது. 1971இல் டொனால்ட்சனும் அவருடைய கூட்டாளி மைக் ஸ்மித்தும் கிழவரை மறுபடி போன்வில்லுக்கே அழைத்துப் போய், அவரையே பேசவிட்டு ஓர் ஆவணப்படம் எடுத்தார்கள். ‘வேகத்தின் கடவுளுக்குப் படையல்கள்’ என்று பொருள்படும் தலைப்பு அதற்கு. 1978 ஜனவரி 6 அன்று மன்ரோ இறந்தார். டொனால்ட்சன் ஹாலிவுட்டுக்குப் போய்ப் பெரிய நட்சத்திரங்களை வைத்துப் படங்கள் எடுத்தார். ஆனாலும் அந்தக் கிழவரின் கதை அவரை விடவில்லை. 2005இல், முதல் பயணத்துக்கு 34 ஆண்டுகள் கழித்து, ஆந்தனி ஹாப்கின்ஸை மன்ரோவாக நிறுத்தி ‘தி வேர்ல்ட்ஸ் ஃபாஸ்டஸ்ட் இந்தியன்’ படத்தை வெளியிட்டார். அதற்காக அதே உப்புவெளிக்குத் திரும்பப் போனார். இந்தமுறை நண்பர் உடன் இல்லை.

இறந்த நண்பருக்காக ஒருவர் போன தடத்திலேயே திரும்பிப் போய்ப் படம் எடுப்பது நல்ல காரியம் என்பதில் யாருக்கும் ஐயம் இருக்காது. அப்படி எடுக்கும்போது நண்பருடைய வாழ்க்கையில் எதை மாற்றலாம், எதை விடலாம், அந்த உரிமையை யார் கொடுத்தது என்பதுதான் கேள்வி. உயிரோடு இருப்பவர் ‘அப்படி இல்லையப்பா’ என்று குறுக்கிடுவார். இறந்தவருக்கு அந்த வாய் இல்லை.

தமிழில் புகைப்படத்துக்கும் திரைப்படத்துக்கும் படம் என்ற ஒரே சொல்தான். ஒருவர் இறந்த பதினாறாம் நாளையொட்டிப் பல ஊர்களில் படத்திறப்பு நடக்கும். மேடையில் திரையை விலக்குவார்கள். பக்கத்தில் ஒரு ப்ளெக்ஸ் பேனரில் போனவரின் முகம் இருக்கும். வெயிலில் கறுத்த முகத்தை அச்சகத்துக்காரர் கணினியில் வெளுக்க வைத்திருப்பார். நெற்றித் தழும்பைத் துடைத்திருப்பார். பழைய கல்யாணப் படத்திலிருந்து வெட்டியெடுத்த தலைக்கு யாருடையதோ ஒரு கோட்டு ஒட்டியிருக்கும். செய்தவர்கள் அன்பால்தான் செய்தார்கள். ஆனால் பேரப்பிள்ளை அண்ணாந்து பார்த்து ‘இது யாரு?’ என்று கேட்டுவிட்டால், அந்த அன்பு போய்ச் சேர வேண்டிய முகத்துக்குப் போய்ச் சேரவில்லை என்றுதான் ஆகும்.

டொனால்ட்சன் கதையில் செய்த மாற்றங்கள் எல்லாம் ஒரே எடையுள்ளவை அல்ல. மன்ரோ போன்வில்லுக்குப் பத்து முறை போனவர். 1962, 1966, 1967 என்று மூன்று ஆண்டுகளில் சாதனை வைத்தவர். படத்தில் எல்லாம் ஒரே பயணத்துக்குள் அடங்கிவிடுகின்றன. இதைக் குறை சொல்ல முடியாது. இரண்டு மணி நேரத்தில் கதை சொல்லுகிறவர் பத்துப் பயணத்தை ஒன்றாகத்தான் மடிக்க வேண்டியிருக்கும். நம் ஊர்க் கூத்திலும் பதினெட்டு நாள் போர் ஓர் இரவில் முடிந்துவிடுகிறது. பார்ப்பவருக்கு அது மடிப்பு என்று தெரியும்.

வேகம் அப்படியில்லை. படத்தின் உச்சக்கட்ட ஓட்டத்தில் வண்டி 201 மைலைத் தாண்டுகிறது. உண்மையில் 1967இல் ஏட்டில் ஏறியது 183.586 மைல். ஒருவழி ஓட்டம் ஒன்றில் 190ஐத் தொட்டதும் உண்டு. 200க்கு மேல் போனதாக மன்ரோவே சொல்லிவந்ததும் உண்டு. ஆகவே இயக்குநர் அதைச் சுத்தமாகக் கற்பனை செய்யவில்லை, கிழவரின் வாய்ச்சொல்லை நம்பினார் என்று வாதாடலாம். நண்பரின் சொல்லை நம்புவதும் நட்பில் சேர்ந்ததுதானே? ஆனால் அந்த மனிதர் வாழ்நாளெல்லாம் மதித்த அளவுகோல் கடிகாரம். கொட்டகையில் ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலத்துக்காக ராவிக்கொண்டிருந்தவர் அவர். அவர் பெற்ற எண்ணை விட்டு, அவர் ஆசைப்பட்ட எண்ணைக் கொடுப்பது அவருடைய உழைப்புக்குத் தரும் மதிப்பைக் குறைத்துவிடுகிறது. 47 வயதான வண்டியில் 68 வயதுக்காரர் 183 மைல் போனார் என்பதே மலைக்க வைக்கிற செய்தி. அதற்குமேல் ஒரு ஜிகினா எதற்கு?

இந்தக் கதையில் எண்ணைத் தொட்ட இன்னொருவரும் உண்டு. மன்ரோவின் மகன் ஜான், அப்பா இறந்து 36 ஆண்டுகள் கழித்து அந்தப் பழைய கணக்கில் ஒரு பிழையைக் கண்டுபிடித்தார். வடக்கே போன ஓட்டம் 184.710, தெற்கே திரும்பிய ஓட்டம் 183.463. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 184.087 வர வேண்டும், 183.586 என்று எழுதியிருந்தார்கள். அமெரிக்க மோட்டார் சைக்கிள் சங்கம் 2014இல் அதைத் திருத்திக் கொடுத்தது. கூடுதலாகக் கிடைத்தது அரை மைல். திரையில் அதைக் காட்டினால் யாரும் இருக்கையிலிருந்து எழுந்து கைதட்டமாட்டார்கள். ஆனால் அந்த அரை மைல் அப்பாவுடையது. நண்பரின் படம் கூட்டிக் கொடுத்த பதினேழு மைல் யாருடையதும் அல்ல.

மகன் என்றதும் அடுத்த கேள்வி வந்துவிடுகிறது. படத்து மன்ரோ தனிக்கட்டை. பக்கத்து வீட்டுச் சிறுவன் அவருக்கு ஒட்டு உறவு போல. நிஜ மன்ரோ 1927இல் மணம் செய்துகொண்டவர். நான்கு பிள்ளைகளின் தகப்பன். பிறகு மனைவியைப் பிரிந்தவர். அந்த மனைவியும் பிள்ளைகளும் படத்தில் கண்ணில் படுவதே இல்லை. இதை எப்படி நிறுப்பது?

விட்டுவிட்டதே மரியாதை என்று ஒரு தரப்பு சொல்லும், அதில் நியாயமும் இருக்கிறது. பிரிந்துபோன ஒரு குடும்பத்தை நடிகர்களை வைத்து நடித்துக் காட்டி, உயிரோடு இருக்கிற பிள்ளைகளின் வீட்டுச் சண்டையை ஊர் ஊராகத் திரையிடுவதைவிட, வாயை மூடிக்கொண்டு கடந்துபோவது மேல். நண்பரின் புகழுக்கு அவர் பிள்ளைகள் வாடகை கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் மௌனத்துக்கும் ஒரு விலை இருக்கிறது. ஒரு மனிதன் முழு வாழ்க்கையையும் ஓர் இயந்திரத்துக்குக் கொடுத்தான் என்றால், அந்த வாழ்க்கையிலிருந்து பங்கு கிடைக்காமல் போனவர்கள் யாரோ இருக்கிறார்கள். அவர்களை அழித்துவிட்டால் அந்த வேகத்துக்கு எவ்வளவு செலவானது என்பது தெரியாமல் போய்விடுகிறது. பார்க்கிறவர் அவரை வெகுளியான, யாருக்கும் கடன்படாத கிழவராக மட்டும் எடுத்துக்கொண்டு போவார். பிள்ளைகளைத் திரையில் காட்டத்தான் வேண்டும் என்பதில்லை. ‘எனக்கும் நாலு பேர் இருக்கிறார்கள்’ என்று அவர் வாயில் ஒரு வரி வந்திருந்தாலே போதும். அந்த ஒரு வரியை டொனால்ட்சன் கொடுத்திருக்க வேண்டும் என்பதே சரியாகத் தோன்றுகிறது.

தமிழில் இறந்த நண்பருக்காகச் செய்த மிகப் பெரிய வழிப்பயணம் சங்கப் புலவர் கபிலருடையது. மூவேந்தரும் முற்றுகையிட்டு நண்பர் பாரி வீழ்ந்தபின் கபிலர் பறம்பு மலையைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே இறங்கினார். கூடவே பாரியின் இரண்டு பெண்கள். விச்சிக்கோனிடம் போய், இவர்களை மணந்துகொள் என்று கேட்டார், அவன் இசையவில்லை. இருங்கோவேளிடம் போனார், அவனும் மறுத்தான். மறுத்த மன்னனை வைது ஒரு பாட்டும் பாடிவிட்டு வெளியேறினார். கடைசியில் பெண்களை அந்தணரிடம் ஒப்படைத்துவிட்டு வடக்கிருந்து உயிர்விட்டார் என்று பழைய குறிப்பு சொல்கிறது. மலையன் என்ற மன்னனுக்குப் பாரியின் மகளைக் கொடுத்துவிட்டுத் தீயில் புகுந்தார் என்று திருக்கோவலூர்க் கோயிலில் உள்ள இராசராசன் காலத்துக் கல்வெட்டு சொல்கிறது. முடிவு எதுவானாலும் பயணத்தின் காரணம் ஒன்றுதான்.

கபிலர் புகழ்ச்சியில் சிக்கனக்காரர் அல்லர். பாரி முல்லைக்குத் தேர் கொடுத்ததை அவரும் பாடியிருக்கிறார். ஆனால் இறந்த நண்பரைப் பற்றி வாயால் சொன்னதைவிட, நண்பர் விட்டுப்போனவர்களைக் கூட்டிக்கொண்டு ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கினாரே, அதில்தான் அவருடைய நட்பு முழுசாகத் தெரிகிறது. மற்றச் சங்கப் புலவர்கள் அவரைப் பொய் பேசாத நாவுக்காரர் என்று போற்றியது சும்மா இல்லை. இந்த இரண்டு பயணங்களையும் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் கண்ணில் குத்துகிறது: ஒன்றில் நண்பரின் மக்கள் கூட நடக்கிறார்கள், மற்றொன்றில் நண்பரின் வண்டி மட்டும் போகிறது. மன்ரோவின் பிள்ளைகள் அப்போது வளர்ந்தவர்கள், யாருடைய துணையும் அவர்களுக்குத் தேவைப்பட்டிருக்காது என்பதை டொனால்ட்சன் பக்கத்து நியாயமாக ஒப்புக்கொள்ள வேண்டும். என்றாலும் கபிலரின் கேள்வி நிற்கிறது: போனவர் விட்டுவிட்டுப் போனது யாரை?

ஆக்லாந்து இருக்கும் மண்ணில் இதற்கு ஒரு பழைய விடை இருக்கிறது. மாவோரி மக்களிடம் காவே மாட்டே என்றொரு வழக்கம். துக்கம் முடிந்த சில காலத்துக்குப் பிறகு, இறந்தவரின் புகைப்படத்தை எடுத்துக்கொண்டு, அவருக்குத் தொடர்புள்ள மற்ற ஊர்ச் சபைகளுக்கு உறவினர்கள் பயணம் போவார்கள். மராய் எனப்படும் அந்தச் சபை முற்றத்துக்குள் நுழையும்போது படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முன்னே நடப்பார்கள். இறந்தவரே வந்திருப்பதாகத்தான் எதிர்கொள்வார்கள். அவரிடமே நேராகப் பேசுவார்கள். பிணத்தின் முன்னால் நின்று புகழ்வதோடு நிற்காமல் அவர் செய்த தவறையும் சொல்லித் திட்டலாம் என்பது அவர்களுடைய துக்கச் சடங்கில் உண்டு. நம் ஒப்பாரியிலும் ‘இப்படி விட்டுட்டுப் போனியே’ என்று போனவரைப் பிடித்து உலுக்கும் வரிகள் இருக்கின்றன. குறை சொல்லுவது மரியாதைக் குறைவு என்று ஒப்பாரி வைத்த பெண்கள் நினைத்ததில்லை. அவரை இன்னும் ஆளாக எண்ணியதால்தான் அவரிடம் வழக்குப் பேசினார்கள்.

படம் எடுக்கிற மாவோரிகளும் இந்த முறையைக் கையோடு கொண்டுபோனார்கள். ஒருவரைப் படம் பிடித்தவர் அந்தப் படத்துக்குச் சொந்தக்காரர் ஆகிவிடமாட்டார், காவல்காரர்தான் என்ற எண்ணத்தை இயக்குநர் பாரி பார்க்லே விரித்துப் பேசினார். ‘மானா டூடுரு’ என்ற அவருடைய நூலை ஆக்லாந்துப் பல்கலைக்கழகப் பதிப்பகம் 2005இல் வெளியிட்டது, டொனால்ட்சனின் படம் வந்த அதே ஆண்டு. இயக்குநர் மெராட்டா மீட்டா 2010 மே 31 அன்று ஆக்லாந்தில் இறந்தார். அவருடைய கடைசி மகன் ஹெபெரி 2018இல் அம்மாவைப் பற்றி எடுத்த படத்தில், அம்மா கேமராவோடு போராட்டக் களத்தில் நின்ற பெருமையும் இருக்கிறது. அந்தப் பெருமைக்குத் தங்கள் பிள்ளைப் பருவம் என்ன விலை கொடுத்தது என்று மூத்த பிள்ளைகள் சொல்லும் பேச்சும் இருக்கிறது. அதைக் கேட்டபின் அம்மா சிறுத்துப்போகவில்லை. யார் யார் தோளில் அவர் நின்றார் என்பது தெரிவதால் இன்னும் உயர்ந்துதான் தெரிகிறார்.

தராசின் ஒரு தட்டில் 1971ஐயும் மறு தட்டில் 2005ஐயும் வைத்தால், டொனால்ட்சன் தன் நண்பருக்குச் செய்த பெரிய மரியாதை முதல் பயணம்தான். கிழவர் உயிரோடு இருந்தார். அவர் விரும்பிய உப்பின்மேல் மறுபடி நின்றார். தன் கதையைத் தன் வாயாலேயே, தனக்குப் பிடித்த மிகைகளோடு சொன்னார். அங்கே பொய் இருந்தாலும் அது அவருடைய பொய். இரண்டாவது படம் உலகமெங்கும் போனது, இன்வெர்கார்கிலுக்கு ஒரு பெயர் கொடுத்தது. 2006 முதல் அவர் பெயரில் அங்கே மோட்டார் சைக்கிள் பந்தயத் திருவிழா நடக்கிறது. இத்தனை புகழும் காற்று முதுகில் தள்ளிய ஓட்டம். அந்த எண்ணையும் அந்த நான்கு பிள்ளைகளையும் நேருக்கு நேர் பார்க்கிற திரும்பு ஓட்டம் ஒன்று அந்தப் படத்தில் பாக்கி இருக்கிறது.

ஒன்றை மட்டும் டொனால்ட்சன் விட்டுவிடவில்லை. மன்ரோவின் கொட்டகையில் ஓர் அலமாரி உண்டு. வெடித்த பிஸ்டன்கள், வளைந்த ராடுகள், உருகிப்போன துண்டுகள் என்று தான் தோற்றதையெல்லாம் அதில் அடுக்கி வைத்து, வேகத்தின் கடவுளுக்குப் படையல் என்று கையால் எழுதி வைத்திருந்தார். 2005 படத்திலும் அந்த அலமாரி வருகிறது. எந்தப் பிஸ்டனையும் துடைத்துப் பளபளப்பாக்காமல், கரியும் விரிசலுமாக அப்படியே.