களை என்பது எது?

குதிரைவாலி என்றால் இப்போது நமக்கு ஞாபகம் வருவது கடையில் பாக்கெட் போட்டு விற்கும் சிறுதானியம். சுகர் இருக்கிறவர்களுக்கு நல்லது என்று வீட்டில் உப்புமா கிண்டுவார்கள். அதன் நெருங்கிய சொந்தக்காரப் புல் ஒன்று உண்டு. காவிரியிலிருந்து குடமுருட்டி பிரிகிற திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் குறுவை வயலில் அது தலைகாட்டினால் அதற்குப் பெயர் களை. பிடுங்கி வரப்பில் வீசிவிடுவார்கள்.

களை என்பது தாவரங்களில் ஓர் இனமோ குடும்பமோ கிடையாது. வேண்டாத இடத்தில் முளைத்ததெல்லாம் களை. 'இது இன்னது' என்று சொல்லாமல் 'இது நெல் இல்லை' என்பதோடு நிறுத்திக்கொள்ளும் வகைப்பாடு. நம் இலக்கணத்தின் அஃறிணையும் இப்படிப் பிறந்த சொல்தான்: அல் + திணை. மாடு, மழை, மண்வெட்டி மூன்றையும் ஒரே கட்டாகக் கட்டுவது, மூன்றும் மனிதர் இல்லை என்ற ஒரே காரணம்.

நடவு முடிந்து சில வாரத்தில் களை பறிக்க இறங்கும் பெண்களைப் பாருங்கள். நாற்றும் பச்சை, புல்லும் பச்சை. இலை தண்டைப் பிடிக்கும் இடத்தில் நெல்லுக்கு நாக்கு மாதிரி மெல்லிய சவ்வு இருக்கும், இந்தப் புல்லுக்கு இருக்காது என்பது பாடப்புத்தகம் சொல்லும் அடையாளம். அவர்கள் ஒவ்வொரு இலையையும் விரித்துப் பார்த்துக்கொண்டா இருக்கிறார்கள்? கை முந்திக்கொள்கிறது. எப்படிக்கா என்று கேட்டால் "பாத்தாலே தெரியுதே தம்பி" என்பார்கள். அது மழுப்பல் இல்லை. மனசு வரையறையை மனப்பாடம் செய்து வைப்பதில்லை, நல்ல உதாரணம் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதெல்லாம் அதற்கு எவ்வளவு பக்கம் என்று பார்க்கிறது என்று எலினார் ராஷ் 1970களில் காட்டினார். பறவை என்றதும் நமக்குக் குருவிதான் வரும், கோழி வராது.

ஆனால் பிரிப்பவர் கண் பிரிக்கப்படும் பொருளையும் மாற்றிவிடுகிறது. தலைமுறை தலைமுறையாக, நெல்லைப் போல் இல்லாத புல்லெல்லாம் பிடுங்கப்பட, நெல்லைப் போலவே நிமிர்ந்து நின்றது மட்டும் தப்பி விதை போட்டது. வயலில் இன்று நெல் வேஷத்தில் நிற்கும் புல்லை உண்டாக்கியது நம் களையெடுப்புதான். ரஷ்யத் தாவரவியலாளர் வாவிலோவின் பெயரால் இந்த வேஷத்தை அழைக்கிறார்கள். கோதுமை வயலில் களையாக இருந்த ரை, காலப்போக்கில் பயிராகவே ஆனது என்று சொன்னவர் அவர்.

சரி, 'விவசாயி' என்றதும் உங்கள் மனசில் யார் வருகிறார்? தோளில் துண்டு போட்ட ஓர் ஆண் என்றுதான் நினைக்கிறேன். அந்தக் களை பறித்த அக்கா வரமாட்டார். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அவரை விவசாயத் தொழிலாளர் என்று தனிப் பெட்டியில் வைத்தது. வரப்பில் நின்று மேற்பார்வை பார்ப்பவர் சாகுபடியாளர். சேற்றில் நிற்பவருக்குச் சாகுபடியில் நஷ்ட அபாயம் இல்லையாம். வெள்ளம் வந்து பயிர் போனால் அறுப்புக் கூலியும் போகுமே, அது எந்தக் கணக்கு?

2007 தேசிய விவசாயிகள் கொள்கை கூலித் தொழிலாளரையும் விவசாயி என்றே சொன்னது. காகிதத்தில் நல்ல வரையறை. 2019-இல் ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பி.எம்.கிசான் வந்தபோது நிலம் பெயரில் உள்ள குடும்பம்தான் விவசாயக் குடும்பம் என்று ஆனது. பணம் எங்கே பிரிகிறதோ அங்கேதான் உண்மையான வரையறை இருக்கிறது. எங்கோ ஒரு கோடு போடாமல் எந்தத் திட்டமும் நடக்காது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கோடு போட்டவர் கால் சேற்றில் இல்லை.

டெல்டாவில் வாய்மொழிக் குத்தகைக்கு உழுபவர்கள் நிறைய. கொள்முதல் நிலையத்தில் சிட்டா அடங்கல் கேட்பார்கள். அதில் இருப்பது நிலத்துக்காரர் பெயர். அப்போது என்ன செய்வது? விளைவித்தவர் நெல்லை நிலத்துக்காரர் பேரிலேயே போடுகிறார். மூட்டை தராசில் ஏறுகிறது, பணம் அவர் அக்கவுண்டுக்குப் போகிறது, இவர் அவர் வீட்டு வாசலில் போய் நிற்கிறார்.