முறைத் தண்ணீர்

என் பெயர் நாலு பேருக்குத் தெரிந்த பெயர் என்பதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம் உண்டு. இல்லையென்றால் பொய். அந்தச் சந்தோஷம் சென்ற வருஷம் எனக்கே வினையாக வந்து நின்றது.

தஞ்சாவூரில் ஓர் ஆஸ்பத்திரி. எது என்பது வேண்டாம். இரண்டு மாதமாகக் கன்னத்தின் உட்புறம் எரிச்சல். காரம் பட்டால் உயிர் போயிற்று. டோக்கன் வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். எண் 31. பக்கத்தில் ஒரு கிழவி. அவள் எண் 19. பேராவூரணிக்கும் அப்பால் ஏதோ ஊரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தவள். வீங்கிய காலில் பழைய வேட்டித் துணியைச் சுற்றியிருந்தாள். சர்க்கரை வியாதி. "பேரன் பள்ளிக்கூடம் விட்டு வர்றதுக்குள்ள வீட்டுக்குப் போயிடணும்" என்றாள்.

18 போய் வந்தாயிற்று. கிழவி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அந்த நேரம் பார்த்து டோக்கன் கொடுக்கிறவர் என்னைக் கண்டுகொண்டார். பத்திரிகையில் என் படத்தைப் பார்த்திருக்கிறாராம். "ஐயா, நீங்க போயி இங்க உக்காந்திருக்கலாமா? வாங்க, வாங்க" என்று கையைப் பிடித்தார். கிழவியிடம், "இந்தாம்மா, செத்த உக்காரு" என்றார். "வேண்டாம், என் முறை வரட்டும்" என்று நானும் சொன்னேன். எவ்வளவு மெதுவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மெதுவாக.

டாக்டர் எழுந்து நின்று வரவேற்றார். காபி வந்தது. என் நாவல் ஒன்றில் கதாநாயகியை ஏன் சாகடித்தேன் என்று வருத்தத்தோடு விசாரித்தார். அரைமணி போயிற்று. டார்ச் விளக்கு மேஜைமேலேயே கிடந்தது. வெற்றிலை, சீவல், புகையிலை எனக்கு நாற்பது வருஷப் பழக்கம். என் உதடே சாட்சி சொல்லும். அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாயைத் திறக்கச் சொல்லவும் இல்லை. கூச்சம். வைட்டமின் மாத்திரை எழுதித் தந்து, வாசல்வரை வந்து வழியனுப்பிவிட்டு, வார்டுக்கு நேரமாயிற்று என்று அப்படியே போய்விட்டார். பெஞ்சில் கிழவியின் இடம் காலி. காத்திருந்து பார்த்துவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாளாம்.

மூன்று மாதம் கழித்து, வேறோர் ஊரில், என்னை யாரென்றே அறியாத ஒரு டாக்டரம்மாளிடம் போக நேர்ந்தது. சின்ன வயது. "வாயைத் தொறங்க பெரியவரே. இன்னும் நல்லா. புகையிலையா? எத்தனை வருஷமா?" என்று அதட்டினாள். உள்ளே ஒரு வெள்ளைத் திட்டு. துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினாள். புற்று இல்லை, கவனியாமல் விட்டால் ஆகக்கூடியது என்றாள். அன்றே புகையிலையை விட்டேன்.

காவிரிக் கரைக்காரனுக்கு இதை விளக்கவே வேண்டாம். மேட்டூரில் தண்ணீர் குறைந்த வருஷங்களில் முறை வைத்து விடுவார்கள். தலைமடையில் நிலம் வைத்திருப்பவர் ராத்திரியோடு ராத்திரியாக மடையைத் திறந்துகொண்டால் கடைமடை காயும். அது எல்லோருக்கும் தெரியும். அளவுக்கு மேல் தேங்கிய தண்ணீரில் அவருடைய நடவும் அழுகும் என்பது அவருக்குப் பிறகுதான் தெரியும். சலுகையின் குணமே இரண்டு வயலையும் கெடுப்பது.

வைத்தியர்களும் இதை அறியாதவர்களல்லர். அமெரிக்க மனநல மருத்துவர் வால்டர் வைன்ட்ராப் 1964-லேயே பிரமுகர்களுக்கு நடக்கும் வைத்தியம் எப்படிச் சீர்கெடுகிறது என்று எழுதியிருக்கிறார். வழக்கமான கேள்விகள் விட்டுப்போகின்றன. வழக்கமான சோதனைகள் தள்ளிப்போகின்றன.

நம் ராஜ்யத்தின் பெரிய நோயாளியை நினைத்துப் பார்க்கிறேன். 2016 செப்டம்பர் 22-ஆம் தேதி இரவு முதலமைச்சர் ஜெயலலிதா சென்னை அப்போலோவில் சேர்க்கப்பட்டார். லண்டனிலிருந்து டாக்டர் ரிச்சர்ட் பீல் வந்தார். டில்லி எய்ம்ஸிலிருந்து நிபுணர்கள் வந்தார்கள். சேர்ந்த ஒரு வாரத்துக்குள், காவிரி விவகாரம் பற்றி அங்கேயே அதிகாரிகளோடு ஆலோசனை நடத்தினார் என்று அரசு அறிவித்தது. நவம்பரில் எங்கள் தஞ்சாவூர்த் தொகுதியில் நடந்த தேர்தலுக்கு, அவர் கட்சி வேட்பாளரின் படிவத்தில் கையெழுத்துக்குப் பதில் அவருடைய பெருவிரல் ரேகை வந்தது. கடைமடைக் கிழவிக்கு நோயாளியாகப் படுத்திருக்கவாவது உரிமை உண்டு; அந்த அம்மாளுக்கு அதுகூட முழுசாகக் கிடைக்கவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. டிசம்பர் 5-ஆம் தேதி காலமானார். 2022-ல் ஆறுமுகசாமி ஆணையம் சிகிச்சை முடிவுகள் பற்றிக் கேள்விகள் எழுப்பியது. அதே ஆண்டு எய்ம்ஸ் மருத்துவக் குழு, சிகிச்சை முறையாகவே நடந்தது என்றது. தீர்ப்புச் சொல்ல நான் வைத்தியன் அல்ல. ஆனால் அத்தனை நிபுணர்கள் கூடியும் ஜனங்களின் சந்தேகம் தீரவில்லை என்பதை மட்டும் சொல்லலாம்.

அதற்காக முதலமைச்சரைப் பெஞ்சில் உட்கார்த்தி வைக்க முடியுமா என்று நீங்கள் கேட்பீர்கள். முடியாது. அவர் வந்தால் பின்னாலேயே ஊர் வரும். மற்ற நோயாளிகள் மூச்சுவிட இடம் இராது. தனி அறை, தனி வாசல், காவல் எல்லாம் இருக்கட்டும். அதில் யாருக்கும் நஷ்டமில்லை. இன்னொருவர் முறையை எடுத்துக் கொடுப்பது வேறு. டாக்டரின் அதட்டலை எடுத்துவிடுவதும் வேறு. முன்னது அநியாயம், பின்னது மரியாதை என்ற பெயரில் செய்யும் துரோகம். உயிர் ஊசலாடுகிறவனுக்கு முறை கிடையாது. அவன் ராஜாவானாலும் கூலியானாலும் முதலில் போக வேண்டியவன். மற்ற எல்லோருக்கும் முறை உண்டு.

1832-ல் மறைந்த இரண்டாம் சரபோஜி மன்னருக்குக் கண் வைத்தியத்தில் ஈடுபாடு. அவர் காலத்து நோயாளிகளைப் பற்றிய குறிப்புகள் சரஸ்வதி மகால் நூலகத்தில் இருக்கின்றன. அவற்றில் நோயாளிகளின் கண்களை வர்ணம் தீட்டி வரைந்து வைத்திருக்கிறார்கள். தலைப்பாகை எப்படி, நகை என்ன என்பதற்கு அங்கே வேலையில்லை. நோய் எங்கே இருக்கிறதோ அங்கேதான் பார்வை.

டாக்டரம்மாளுக்கு நன்றி சொல்லிக் கடிதம் எழுதிவிட்டேன். கிழவிக்கு எழுத எனக்குப் பெயர் தெரியாது, ஊரும் தெரியாது. அந்தக் கால் என்ன ஆயிற்றோ! அன்றைக்கு நான் இன்னும் கொஞ்சம் உரக்கச் சொல்லியிருக்கலாம்.