தனுஷ்கோடி: யார் செய்த பாவம்?

(தவக்காலம் 3ஆம் ஞாயிறு, லூக்கா 13:1-9)



ராமேசுவரம் போகிறவர்கள் தனுஷ்கோடியில் இடிந்து நிற்கும் மாதாகோயிலைப் பார்க்காமல் திரும்புவதில்லை. கூரை போய்விட்டது, சுவர்கள் மட்டும் நிற்கின்றன. அந்தச் சுவரருகே நின்று படம் எடுத்துக்கொண்டே சிலர் சொல்வதுண்டு: "என்ன பாவம் செஞ்சாங்களோ, கடல் கொண்டுபோயிருச்சு." பக்கத்தில் சங்கும் சிப்பியும் விற்கிறவர்கள் காதில் இது விழும் என்று அவர்கள் நினைப்பதில்லை.

இன்றைய நற்செய்தியிலும் இதே பேச்சுதான் இயேசுவின் முன் வருகிறது. பிலாத்து கொன்ற கலிலேயரைப் பற்றி அவரிடம் சொல்கிறார்கள். அவரோ சீலோவாமில் கோபுரம் விழுந்து இறந்த 18 பேரையும் சேர்த்துக்கொண்டு, செத்தவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா என்று கேட்கிறார். இல்லை என்று அவரே வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லியும் விடுகிறார். பிறகு கேட்டுக்கொண்டிருந்தவர்கள் பக்கம் திரும்பி, மனம் மாறவேண்டியது நீங்கள்தான் என்கிறார்.

அப்படியானால் தனுஷ்கோடி செய்த பாவம் என்ன? பிழைப்பு நடத்தியதுதான். 1914இல் பாம்பன் பாலம் திறந்ததும், மணல்திட்டாகக் கிடந்த அந்த முனைவரை ரயில் போனது. சென்னை எழும்பூரில் ஏறினால் போட் மெயில் நேரே கடற்கரைத் துறைக்கே கொண்டுபோய் விடும். அங்கே நீராவிக் கப்பல் காத்திருக்கும். ஏறக்குறைய 35 கிலோமீட்டர் கடல் தாண்டினால் தலைமன்னார்; மறுபடி ரயில், கொழும்பு. அதற்கு முன்னால் தூத்துக்குடியிலிருந்து இரவு முழுக்கக் கடலில் போகவேண்டியிருந்தது. ரயிலை நம்பி ஊர் வளர்ந்தது: ஸ்டேஷன், கஸ்டம்ஸ், தபால் ஆபீஸ், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கோயில்கள், ரயில்வே குடியிருப்பு.

அந்தக் கப்பல்களில் யார் போனார்கள்? வியாபாரிகளும் அதிகாரிகளும் போனார்கள். அவர்களைவிட அதிகமாகப் போனது தேயிலைத் தோட்டத்துக் கூலிகள். மண்டபம் முகாமில் நோய்ப் பரிசோதனைக்காகத் தடுத்து வைக்கப்பட்டு, அங்கிருந்து தனுஷ்கோடி வந்து கடல் தாண்டினவர்கள் நம் திருச்சி, புதுக்கோட்டை, ராமநாதபுரம் பக்கத்து மக்கள். 1964 அக்டோபர் 30 அன்று இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. அவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகளில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்ளும் என்று முடிவாயிற்று. அவர்கள் முன்னோர் கப்பலேறிய ஊருக்கு அப்போது இரண்டு மாத ஆயுள்கூட மீதி இல்லை.

டிசம்பர் 22 இரவு புயலடித்துக் கடல் ஊருக்குள் புகுந்தது. பாம்பனிலிருந்து புறப்பட்ட 653ஆம் எண் பாசஞ்சர் வண்டி, தனுஷ்கோடி ஸ்டேஷனை எட்டுவதற்குள் அலையில் சிக்கியது. பயணிகளும் ஊழியர்களுமாகப் பதிவில் 115 பேர்; சீட்டு வாங்காமல் ஏறியவர்களையும் சேர்த்தால் இன்னும் அதிகம் என்பார்கள். ஒருவரும் பிழைக்கவில்லை. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மூன்றே நாள் இருந்தது. அந்த வண்டியில் இருந்தவர்கள் நம்மைவிடப் பாவிகள் என்று சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும்?

அதே புயலில் பாம்பன் பாலமும் சிதைந்தது. ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளரின் பொறுப்பில் அதை 46 நாளில் சீர்செய்தார்கள். பெருமைப்படவேண்டிய வேலைதான். ராமேசுவரத்துக்கு வண்டி ஓடியது. தலைமன்னார் கப்பலும் அங்கிருந்தே போகத் தொடங்கி, 1980களில் இலங்கையில் போர் வந்தபோது நின்றது. ஆனால் தனுஷ்கோடித் தண்டவாளத்தை யாரும் மறுபடி போடவில்லை. மக்கள் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. இருபுறமும் கடல் சூழ்ந்த மணல் அது; அந்த எச்சரிக்கையில் நியாயம் இருந்தது என்றே நானும் நினைக்கிறேன். நியாயம் இல்லாதது அதற்குப் பின் வந்த மறதி. மீனவர்கள் திரும்பிப் போய்க் குடிசை போட்டார்கள். பல பத்தாண்டுகள் மின்சாரமும் நல்ல சாலையும் இல்லாமல் வாழ்ந்தார்கள். கடலுக்குச் சற்றுத் தள்ளி மணலைக் கையால் தோண்டி, ஊறும் நல்ல தண்ணீரை அள்ளிக் குடித்தார்கள். அரிச்சல்முனைவரை தார்ச்சாலை வந்தது அரை நூற்றாண்டு கழித்துத்தான்.

இயேசு சொன்ன அத்திமரக் கதையை இங்கே வைத்துப் பாருங்கள். மூன்று ஆண்டாகக் காய்க்காத மரத்தை வெட்டச் சொல்கிறார் சொந்தக்காரர். தோட்டக்காரர் மறுத்துப் பேசவில்லை. மரம் காய்க்கிறது என்று பொய்யும் சொல்லவில்லை. இன்னும் ஓராண்டு கேட்கிறார். கேட்டதோடு நிற்காமல், கொத்திவிட்டு எருப் போடும் வேலையைத் தன் தலையில் ஏற்றுக்கொள்கிறார். தனுஷ்கோடிக்காக அப்படிப் பேச ஆள் போதவில்லை.

நம் பங்கிலும் சிலரை நாம் கணக்கிலிருந்து எடுத்துவிட்டோம். குடியால் சிதறிய வீடுகள் உண்டு. கடன் தொல்லையில் பூசைக்கு வருவதை நிறுத்தியவர்கள் உண்டு. சிலோன்காரர்கள் என்றே இன்னும் நாம் அழைக்கும் குடும்பங்களும் உண்டு. அவர்களைப் பற்றியும் "என்ன பாவமோ" என்றுதான் நாம் பேசுகிறோம்.

வருகிற வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை முடிந்ததும் அன்பியப் பொறுப்பாளர்கள் போய்விடாதீர்கள். இந்த ஓராண்டில் கோயிலுக்கு வராமல் போன குடும்பங்களின் பெயர்களை எழுதி எடுத்து வாருங்கள். எந்த வீட்டுக்கு யார் போவது என்று அன்றே முடிவு செய்வோம். முதல் வீட்டுக்கு நானும் வருகிறேன்.