மனச்சோர்வும் ஈமானும்

"ஈமான் உறுதியாக இருந்தால் மனம் ஏன் இப்படிச் சோர வேண்டும்?" மாதக்கணக்கில் உறக்கமும் பசியும் இழந்து, தொழுகை விரிப்பில் நின்றும் ஓதுவது நாவில் வராமல் தவிக்கும் ஒருவரிடம் நம்மவர்கள் வெகு சுலபமாகக் கேட்டுவிடும் கேள்வி இது. கேட்பவர் நல்லெண்ணத்தோடுதான் கேட்கிறார். கேட்கப்பட்டவரோ, தம் நோயோடு 'நாம் முனாஃபிக்கோ' என்ற அச்சத்தையும் சுமந்துகொண்டு வீடு திரும்புகிறார்.

இந்நோயின் தடயம் இரத்தம் வரை தெரிகிறது என்கின்றனர் ஆராய்ச்சியாளர்கள். வெளியிலிருந்து வரும் செய்தியை உயிரணுவின் உள்ளே கடத்தும் தூதனைப் போல, 'ஜி.எஸ். ஆல்ஃபா' என்றொரு புரதம் அணுவின் சவ்வில் இருக்கிறது. அது தூண்டினால் 'சைக்ளிக் ஏ.எம்.பி.' என்னும் பொருள் உண்டாகி உள்வேலைகள் நடைபெறும். மனச்சோர்வில் இப்புரதம் சவ்விலுள்ள கொழுப்புத் திட்டுகளில் அதிகமாகச் சிக்கிக்கொள்கிறது. கதவைத் தட்ட வந்தவன் வாசற் சேற்றில் கால் புதைந்து நிற்பது போல! சிகாகோவிலுள்ள இல்லினாய் பல்கலைக்கழகத்தின் மார்க் ராசெனிக் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். அவரும் கூட்டாளிகளும் 2022-ல் வெளியிட்ட ஆய்வில், மனச்சோர்வுற்றோரின் இரத்தத் தட்டணுக்களில் இந்தச் செய்திக் கடத்தல் நலமுள்ளோரைவிடக் குறைந்து காணப்பட்டது. இது சராசரியில் கண்ட வேறுபாடேயாகும். ஒரு துளி இரத்தத்தைப் பார்த்து, இன்னாருக்கு நோய் உண்டு, இன்னாருக்கு இல்லை என்று தீர்ப்புக் கூற இது போதாது.

ஹிஜ்ரி 322-ல் மறைந்த அறிஞர் அபூ ஸைத் அல்பல்கீ, துக்கத்தைக் காரணம் தெரிந்தது, காரணம் தெரியாதது என இரண்டாகப் பிரித்தார். பின்னதற்கு இரத்தத்தில் நேரும் கேட்டைக் காரணமாகக் காட்டி, உடலுக்கு வைத்தியம் செய்யச் சொன்னார். உடனே, 'நம் முன்னோர் அன்றே கண்டுபிடித்துவிட்டனர்' என்று மார்தட்டுவது நமக்கு உடன்பாடன்று. அவர் பேசியது அக்கால வைத்தியம் அறிந்த இரத்தத்தைப் பற்றி. நோயை நோயாகப் பார்த்த அவருடைய பார்வையே நமக்கு வேண்டியது.

சரி, இரத்தத்தில் சான்று கிடைத்ததால்தான் நாம் இரக்கம் காட்ட வேண்டுமா? நாளை ஒருவரின் தட்டணுக்கள் பழுதின்றி இருக்கக் கண்டால், மீண்டும் அவருடைய ஈமானைச் சந்தேகிக்கத் தொடங்குவோமா? நோன்பின் சலுகைக்கு நம் ஃபிக்ஹு நூல்கள் அப்படிக் கண்ணால் காணும் சான்று எதையும் கேட்கவில்லை. நோயாளியின் சொந்த அனுபவம், அல்லது தேர்ந்த வைத்தியரின் சொல் போதும் என்றன. யஃகூப் (அலை) அவர்கள் மகனைப் பிரிந்த துயரத்தில் கண்ணொளி இழந்ததைத் திருமறை கூறுகிறது. அவர்களின் பொறுமையில் குறை காணவில்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே கவலையிலிருந்தும் துக்கத்திலிருந்தும் அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடியுள்ளார்கள்.

'எல்லாம் இரத்தத்தில் இருக்கிறதென்றால் துஆ எதற்கு?' என்று கேட்போரும் உளர். சர்க்கரை நோயாளி மாத்திரையும் விழுங்குகிறார், துஆவும் கேட்கிறார். அங்கே எழாத ஐயம் இங்கு மட்டும் ஏன் எழ வேண்டும்?

ரமளானில் இவர்களுள் சிலர், நோன்பு கெட்டுவிடுமே என்று மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிடுகின்றனர். இது ஆபத்தானது. பல மருந்துகளை இஃப்தாருக்கும் ஸஹருக்கும் மாற்றிக்கொள்ள முடியும். அதை நோன்பு தொடங்குமுன் மருத்துவரிடம் கேட்க வேண்டும். மாற்ற இயலாதென்றால் நோன்பை விட்டுவிட்டு, நலமான பின் களாச் செய்யலாம். குணமாகும் நம்பிக்கையில்லாத நீண்ட நோயாயின் ஃபித்யா இருக்கிறது.